நீல மீசை

சித்திரக்கதைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த ஆண்டுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குவார்கள். நாளிதழ்களின் கறுப்பு வெள்ளைத் தொடர்களுக்கு வண்ணம் வந்தது அந்த ஆண்டில்தான். பத்திரிகை அலுவலகங்கள் அறையை அடைத்துக்கொண்டு நின்ற பழைய கேமராவை ஓரங்கட்டிவிட்டு ஸ்கேனர் வாங்கின. எழுதுகிறவர்கள் எழுதட்டும், எல்லாம் உண்மைதான். பெரியவருடைய வீட்டில் மட்டும் அந்த ஆண்டுக்கு வேறு பெயர். அது பயில்வானுக்கு மீசை முளைத்த ஆண்டு.

‘பஞ்சு பயில்வான்’ தொடரை வரைகிற இருவரில் மூத்தவர் பெரியவர். இளையவள் அவருடைய தங்கை. பயில்வானைப் படைத்தவர் இவர்களின் அப்பா. மலை போன்ற உடம்பு, பஞ்சு போன்ற மனசு, பூனையைக் கண்டால் உதறல், மூக்குக்குக் கீழே வாசலின் இரண்டு பக்கமும் முட்டுகிற மீசை. தினம் நாலு கட்டம். அப்பாவின் காலத்துக்குப் பிறகும் ஒரு நாள்கூடத் தொடர் நின்றதில்லை. அந்த வீட்டில் காய்ச்சல் வரும், கல்யாணம் வரும், நாலு கட்டம் நிற்காது.

வேலை முறையும் அப்பா வகுத்துக் கொடுத்ததே. அண்ணன் வெளிர்நீலப் பென்சிலால் படம் போடுவார். தங்கை அதன்மேல் கறுப்பு மையை ஓட்டி, வசனம் எழுதுவாள். பத்திரிகைக் கேமராவின் கண்ணுக்கு வெளிர்நீலம் தெரியாது. மை மட்டுமே அச்சுக்குப் போகும். அதனால் பென்சிலை யாரும் அழிப்பதில்லை. ரப்பர் பட்டால் மையின் கறுப்பு வெளுத்துப்போகும் என்பது அப்பாவின் கண்டிப்பு.

ஒரு நாள் தங்கை பயில்வானின் மீசைக்கு மை போடாமல் விட்டுவிட்டாள். மீசை வாயை மறைக்கிறது, பயல் சிரிக்கிறானா அழுகிறானா என்றே தெரியவில்லை என்பது அவள் கட்சி. காலையில் பத்திரிகையைப் பிரித்த பெரியவருக்கு அப்பாவின் முகத்தையே யாரோ வழித்துவிட்டது போல இருந்தது. இனி என் வீட்டுப் படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். அவள் மிதிக்கவில்லை. மிதிக்க வேண்டிய தூரமும் அதிகமில்லை, அவர் கீழ் வீட்டில், அவள் மேல் மாடியில். படம் ஒட்டிய அட்டையை மாடிக்கும் கீழுக்கும் சுமந்தவர் தங்கையின் கணவர். மாப்பிள்ளைக்குப் படிக்கட்டிலேயே பாதி ஆயுள் போயிற்று.

ஏழு வருஷம் அப்படி ஓடியது. பெரியவர் தினமும் மீசை போட்டார். தங்கை தினமும் மீசையை விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் மை போட்டாள். கேமரா பார்க்காத நீலத்தில் மீசை இருந்தது, அச்சில் இல்லை. பேச்சுவார்த்தையும் அதே நீலத்தில், அட்டையின் ஓரத்தில்தான். ‘அப்பா வச்ச மீசை. மரியாதையா மை போடு’ என்று இவர் எழுதுவார். ‘அப்பா இருந்திருந்தா அவரே வழிச்சிருப்பார்’ என்று அது திரும்பி வரும்.

வெளியே மூச்சு விடவில்லை. விழா மேடைகளில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். அண்ணன் தங்கை என்றால் இவர்களைப் போல இருக்க வேண்டும் என்று ஊரே பிள்ளைகளுக்குச் சொன்னது. அந்தப் பேச்சுக்குப் பங்கம் வரக் கூடாது என்பதில் பெரியவர் குறியாக இருந்தார். வீட்டுக்குள் ஆயிரம் இருக்கலாம். அது வாசலைத் தாண்டினால் அப்பாவின் பெயர் தெருவில் கிடக்கும். தொடரின் நாற்பதாம் ஆண்டு மலரை வண்ணத்தில் கொண்டுவரப்போவதாகப் பத்திரிகை விளம்பரம் செய்திருந்தது. அட்டையில் அண்ணனும் தங்கையும், நடுவில் அப்பாவின் படம், மேலே ‘ஒற்றுமைக்கு இந்த வீடு’ என்ற தலைப்பு.

இந்த நேரத்தில்தான் ஸ்கேனர் வந்தது. அதன் கண்ணுக்கு எல்லா நிறமும் தெரியும், இனி பென்சில் கோட்டை அழித்து அனுப்புங்கள் என்று அலுவலகத்தில் சொல்லியனுப்பினார்கள். மாப்பிள்ளை கீழேயும் சொன்னார், மேலேயும் சொன்னார். மை காய்ந்த பிறகுதானே அழிக்க முடியும், ஆகவே அது மை போட்டவள் வேலை என்று பெரியவர் நினைத்தார். கோடு போட்டவர்தானே அழிக்க வேண்டும் என்று தங்கை நினைத்தாள். ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற வீடாக இருந்தால் இந்தக் கதை எதற்கு?

மறுநாள் காலையில் கடையில் முடிதிருத்துபவர் பெரியவரின் பாதி முகத்தை மழித்துவிட்டுப் பத்திரிகையை நீட்டினார்.

“பயில்வானுக்கு மீசை முளைச்சிருக்குங்கய்யா. நீலமா இருக்கு. இதுக்கு நாங்க என்ன சாயம் போடறது?”

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். நாலு கட்டத்திலும் ஆகாய நிறத்தில் மீசை. அதுகூடப் பரவாயில்லை. அட்டையின் ஓரத்தையும் வெட்டாமல் அச்சாக்கியிருந்தார்கள். அதில் அவருடைய கையெழுத்து, ‘மேல் மாடிக்காரிக்குக் கண் தெரியலையா? பூனைக்கு வால் எங்கே?’ அதன் கீழே தங்கையின் கையெழுத்து, ‘வால் சோபாவுக்குப் பின்னால இருக்கு. கீழ் வீட்டுக்காரருக்கு மூளை எங்கே?’

வரிசையில் காத்திருந்தவர்கள் கூரையைப் பார்த்தார்கள். ஒருவருக்கு இருமல் வந்தது. பெரியவர் பாதி முகச் சவரத்தோடு எழுந்திருக்கவில்லை. மீதி முகத்தையும் மழித்துக்கொண்டு, நிமிர்ந்தபடியே நடந்து வீட்டுக்கு வந்தார். அதற்குள் பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, இருவரையும் உடனே வரச் சொல்லியிருந்தார்.

பத்திரிகை அனுப்பிய ஒரே காரில்தான் போக வேண்டியிருந்தது. அண்ணன் ஒரு ஜன்னல் வழியாகப் பார்த்தார், தங்கை மறு ஜன்னல் வழியாக. அவர் டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னார். அவள் வேகமாகப் போகச் சொன்னாள். டிரைவர் நல்லவர், இரண்டையும் செய்தார்.

தொடரை நிறுத்தத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பெரியவர் எண்ணியிருந்தார். ஆசிரியரோ வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். முதலாளியின் மகன், சின்ன வயது, மேசைமேல் இரண்டு போன்.

“ஐயா, காலையிலேர்ந்து போன் ஓயல. எல்லாரும் நாளைக்கு என்ன திட்டிக்கப் போறாங்கன்னு கேக்கறாங்க. அந்த நீலத்தை அழிக்கவே வேணாம். தினமும் அப்படியே விடுங்க. மலரோட அட்டையிலகூட அதைத்தான் போடப் போறோம்.”

பெரியவருக்கு முகம் சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

“தம்பி, கட்டத்துக்குள்ள இருக்கிறது உங்க பத்திரிகைக்கு. ஓரத்துல இருக்கிறது எங்க வீடு. வீட்டை நாங்க விக்கிறதில்ல.”

ஆசிரியர் தங்கையின் பக்கம் திரும்பினார். “அம்மா, நீங்களாவது சொல்லுங்க. அந்த மூளை எங்கேன்னு கேட்டது இருக்கே, எங்க வீட்டுல சிரிச்சு சிரிச்சு...”

“அண்ணன் சொல்லிட்டார்” என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி. “அதுக்கு மேல என்ன இருக்கு?”

அண்ணன் என்ற அந்தச் சொல் ஏழு வருஷத்துக்குப் பிறகு அவர் காதில் விழுந்தது. பெரியவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முகம் காட்டிக்கொடுத்திருக்கும்.

ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கம்ப்யூட்டரில் மளமளவென்று வரைகிற பிள்ளைகள் அலுவலகத்தில் இருக்கிறார்கள் என்றார். காலத்தோடு ஒத்துப்போகாவிட்டால் தொடரை அவர்களிடம் கொடுக்க வேண்டிவரும் என்பதைச் சுற்றி வளைத்துச் சொன்னார். பெரியவர் எழுந்தார்.

“பயில்வான் எங்கப்பா பெத்த பிள்ளை. நாங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறோம். உங்க பசங்களை வேற பிள்ளை பெத்துக்கச் சொல்லுங்க.”

தங்கை ஏற்கெனவே பையைத் தோளில் மாட்டியிருந்தாள். இருவரும் கதவுவரை ஒரே வேகத்தில் நடந்தார்கள். பயில்வான் இல்லாமல் அந்தப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் எப்படி இருக்கும் என்பது ஆசிரியருக்குத் தெரியும். மலருக்கு விளம்பரம் செய்ததும் அவர்தான். மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். ஓரம் அச்சில் வராது, தொடரை வேறு யாருக்கும் கொடுக்கிற பேச்சும் வராது என்று ஒப்புக்கொண்டார்.

“மீசைக்கு மட்டும் ஒரு பதில் சொல்லிட்டுப் போங்க ஐயா. நாளைக்கு மீசை உண்டா இல்லையான்னு கேக்கறவங்களுக்கு என்ன சொல்றது?”

“நாளைக்குப் பத்திரிகையைப் பார்க்கச் சொல்லுங்க” என்றார் பெரியவர். என்ன வரையப்போகிறோம் என்பது அவருக்கே தெரியாது. ஆனால் சொன்ன தோரணையில் ஆசிரியர் நம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று கை ஓடியது. மூன்றாவதில் நின்றது. பிறகு மறுபடி ஓடியது. முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஓரத்தில் எழுதப்போன பென்சில் அந்தரத்தில் நின்றது. ஊரே படித்துவிட்ட இடத்தில் இனி எப்படி எழுதுவது? மாப்பிள்ளை மை வாங்கக் கடைக்குப் போயிருந்தார். பெரியவர் அட்டையைத் தாமே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறினார். படி மிதிக்காதே என்று சொன்னது தன் வீட்டுப் படியைத்தான், இந்தப் படியை அல்ல என்று முழங்காலுக்குச் சமாதானம் சொன்னபடி ஏறினார்.

கதவைத் தட்டினார்.

“திறந்துதான் இருக்கு” என்றாள் உள்ளேயிருந்து.

அட்டையை மேசைமேல் வைத்தார். முதல் கட்டத்தில் பயில்வான் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றான். இரண்டாவதில் பூனை எட்டிப் பார்த்தது. மூன்றாவதில் பயத்தில் மீசை இரண்டு பக்கமும் கொம்பு போல் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் வாய் குகை மாதிரி திறந்திருந்தது, கடைவாய்ப் பல்வரை தெரிந்தது. நாலாவதில் பூனை போய்விட்டது, ஓரத்தில் அதன் வால் நுனி மட்டும் தெரிந்தது. மீசை நனைந்த துண்டு போலத் தொங்கியது, அதன் நடுவில் அசட்டுச் சிரிப்பு.

தங்கை அட்டையை விளக்குக்கு நேராக நகர்த்தினாள்.

“மீசையையே நடிக்க வச்சுட்டீங்க.”

“வாய் தெரியணும்னு நீதானே சொன்ன.”

“இதை அன்னிக்கே போட்டிருந்தா நான் ஏன் வழிக்கப் போறேன்?”

“அன்னிக்கு நீ காரணத்தைச் சொல்லல. வழிச்சுட்ட.”

“சொல்ல விட்டீங்களா?”

பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த வீட்டில் அதுவே பதில். அவள் தூரிகையை மையில் தோய்த்து, முதல் கட்டத்தின் மீசையில் வைத்தாள். அப்பாவின் மீசை கறுப்பாக எழுந்தது. மை காய்ந்ததும் பெரியவர் ரப்பரைக் கையில் எடுத்தார். அவளும் இன்னொன்றை எடுத்தாள். இரண்டு கட்டம் இவருக்கு, இரண்டு கட்டம் அவளுக்கு.

மைப் புட்டியோடு மாடி ஏறி வந்த மாப்பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டார்.

“மச்சான், அப்ப இனிமே நான் படி ஏற வேணாமா?”

“ஏறாம?” என்றார் பெரியவர், தலை நிமிராமல். “நாலாவது கட்டத்துல பூனையோட வாலை விட்டுட்டா இவ. நீங்களே கேளுங்க மாப்பிள்ளை, வால் எங்கேன்னு.”

“அது போயிடுச்சுன்னு சொல்லுங்க” என்றாள் தங்கை. “பூனையே போயிடுச்சு. வால் மட்டும் எதுக்கு இருக்கணும்?”