வெள்ளையாக வந்த தோள்

இன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எங்காவது நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை.

அலமாரி இறக்கும்போது தோள் தசைநார் கிழிந்துவிட்டது என்று அண்ணன் வேலையை விட்டதிலிருந்து அவன் வலது கை துணிக்கட்டில்தான் தொங்குகிறது. சட்டைப் பொத்தானைக்கூட அப்பாதான் போட்டுவிடுவார். பட்டப்படிப்புக்குக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு டிப்ளமோவோடு நான் ஸ்கேன் மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இந்த ஆண்டு மறுபடி இடம் கிடைத்திருக்கிறது. அண்ணனுக்கு அறுவை சிகிச்சை என்றால் அதுவும் போச்சு. அதனால் அவனை எம்.ஆர்.ஐ. எடுக்க எங்கள் மையத்துக்கு நானே அழைத்துப் போனேன்.

தோள் மூட்டைப் பார்க்க மருந்தைக் கை நரம்பில் ஏற்றிவிட்டு, கால் மணி நேரம் தோளை அசைக்கச் சொல்வோம். அசைத்தால் மருந்து மூட்டுக்குள் நன்றாக ஊறும். ஊறிய இடம் படத்தில் வெள்ளையாகத் தெரியும்.

"முடிஞ்ச வரைக்கும் அசைண்ணா. சரியா ஊறலைன்னா மூட்டுக்குள்ளயே ஊசி போடணும்."

"எந்த ஊசி?"

காட்டினேன்.

"அடிப்பாவி, இது மாட்டுக்குப் போடறதாச்சே!" சின்ன வயதிலிருந்தே ஊசி என்றால் அவனுக்கு எமன். "ஆனா தூக்கவே முடியலையே, சுண்டெலி" என்று தோளைப் பிடித்துக்கொண்டான். திரைக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு இயந்திரத்தைத் தயார்செய்யப் போனேன்.

படம் வந்தது. மூட்டு முழுக்கப் பளீரென்று வெள்ளை. அசையாத தோளில் இவ்வளவு ஊறாது. கொழுப்பும் வெள்ளையாகத் தெரியும். இயந்திரத்தில் அதைக் கறுப்பாக்கும் அமைப்பைப் போட மறந்திருப்பேன் என்று நினைத்தேன். போட்டிருந்தேன். தோலுக்கடியில் கொழுப்பு கறுப்பாகத்தான் இருந்தது. என்னை நம்பாமல் மறுபடி எடுத்தேன். அதே வெள்ளை.

டாக்டர் பார்த்துவிட்டு, "கிழிசலே இல்லம்மா. மருந்து ஒரு பக்கமும் கசியல. ரொம்ப நல்லா ஊறியிருக்கு" என்றார்.

"ஊறாம என்ன?" என்று செவிலியர் அக்கா சிரித்தார். "உங்கண்ணன் திரைக்குப் பின்னால கைய ராட்டினமா சுத்துனாரே! ஃபேன அணைச்சிடலாமான்னு பாத்தேன்."

நானும் சிரித்துவைத்தேன்.

உடை மாற்றும் அறையில் அண்ணன் துணிக்கட்டை மாட்டிக்கொண்டு காத்திருந்தான். "பொத்தானப் போட்டுவிடேன்."

"ராட்டினம் சுத்துன கையாலயே போட்டுக்கோ."

அவன் முகம் செத்துவிட்டது. "மொதல்ல நிஜமாவே வலிச்சுது. அப்புறம்... அப்பாகிட்ட சொல்லிடாத."

"என் படிப்பு?"

"அதான் சாயங்காலம் படிக்கிறியே."

புத்தகப் பையை அவனிடம் நீட்டினேன். பழக்கத்தில் இடது கை வந்தது.

"அந்தக் கை இல்ல."

வீடுவரை வலது கையிலேயே பையைத் தூக்கி வந்தான். கதவைத் திறந்த அப்பா முதலில் பையைப் பார்த்தார். பிறகு அதைப் பிடித்திருந்த கையை.