சாவு வீட்டு அடுப்பு

அர்ச்சுனன் சுடுகாட்டிலிருந்து வந்து, வாசல் குழாயடியில் உட்கார்ந்து தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எரித்துவிட்டு வந்தது தம்பி தர்மேந்திரனை. உள்ளே தம்பி பெண்சாதி மோகனா அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். சாவு வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியக் கூடாது. பக்கத்து வீடுதான் சோறு கொண்டுவரும். மதியம் தாண்டியும் யாரும் வரவில்லை. நோய் விழுந்த வீடு.

"மூஞ்சியப் பாத்தீங்களா மாமா?"

"எங்கம்மா பாக்கிறது? பிளாஸ்டிக்ல சுத்தி டேப்பு ஒட்டிட்டானுங்க. தூரமா நில்லுன்னுட்டான்." சட்டைப் பையிலிருந்து நனைந்த வாய்க்கரிசியை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். "இதுகூடப் போட முடியல."

அவள் அதைத் தொடவில்லை.

"எல்லாம் அந்தப் பங்களாக்காரனுங்க. ஒரே கொங்சியில இருபத்திரண்டு பேரு படுக்கிறானுங்க. அவனுங்களோட சேந்து லோரியில பழம் ஏத்தாதடான்னேன், கேட்டானா? அவனுங்களுக்குப் போற பைப்ப மூடிட்டேன். கெடக்கட்டும்லா."

செம்பனைக் காட்டோரம், பள்ளத்தில் அந்தக் கொங்சி, வங்காளதேசத்திலிருந்து வந்த கூலியாட்கள் தங்கும் கொட்டகை. தொட்டியிலிருந்து வரும் ஒரே குழாய்தான் வீடுகளுக்கும் அதற்கும். கீழே அவர்கள் திறந்தால் மேலே தண்ணீர் நூலாகிவிடும். வருஷக்கணக்காக அதற்குச் சண்டை. இப்போது அதிகாரிகள் அவர்களை வெளியே வரக் கூடாது என்று அடைத்து வைத்திருந்தார்கள். அர்ச்சுனன் குழாயை மூடி மூன்று நாளாகிறது. அடைப்பதற்கு முன், தர்மேந்திரனுக்கு மூச்சு முட்டிய அன்று, கொங்சியில் இருந்த ஜாஹிர்தான் அவனை முதுகில் தூக்கி ஆம்புலன்சில் ஏற்றினான். வேறு யாரும் கிட்டே வரவில்லை.

மோகனாவுக்குக் கையுறை ஃபேக்டரியில் வேலை. உலகத்துக்கே கையுறை வேண்டும் என்று இயந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டினார்கள். பஸ்சில் நாற்பத்து நான்கு பேர், எல்லா ஜன்னலும் மூடி. கேட்டில் நெற்றிக்கு நேராகக் கருவி பிடிப்பார்கள். சூடு காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அப்புறம் கூப்பிட மாட்டார்கள். இறங்குவதற்கு முன் பெண்கள் ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொள்வார்கள். மோகனாவும் துடைத்தாள். அந்த வாரம் தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் அவளுக்கு மணக்கவில்லை. ரப்பர் நெடியில் நிற்கிறவர்களுக்கு மூக்கு அவ்வப்போது செத்துப்போகும், எல்லாரும் சொல்வதுதான். அதையும் அப்படித்தான் நினைத்தாள். ஐந்தாம் நாள் தர்மேந்திரனுக்குக் காய்ச்சல் வந்தது.

அறைக்குள் ஆணியில் அவன் வேலைச் சட்டை தொங்கியது. துவைக்காதது. எடுத்து முகத்தில் அழுத்தினாள். வியர்வை இல்லை, பழத்தின் எண்ணெய் வாடை இல்லை. வெறும் துணி. திருப்பினாள், அக்குளில் வைத்து இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள்.

"ஏ மோகனா! சோறு தீயுது! வாசல் வரைக்கும் நாறுது, உனக்குத் தெரியலியா?"

அடுப்பங்கரை முழுக்கப் புகை. அர்ச்சுனன் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியல மாமா."

"இன்னுமா மூக்கு வரல? அவன்கிட்டருந்து உனக்கு ஒட்டி எத்தன நாளாச்சு!"

"அவருக்கு முன்னாடியே போச்சு."

"என்னது?"

"அவருக்குக் காய்ச்சல் வர்றதுக்கு அஞ்சு நாளு முன்ன. ஃபேக்டரி பஸ்சுல புடிச்சது. பங்களாக்காரங்க இல்ல. நான்தான்."

அவர் தலையிலிருந்து தண்ணீர் சிமெண்டுத் தரையில் சொட்டியது.

"அவனுக்குத் தெரியுமா?"

"ஆம்புலன்ஸ் வந்தப்ப சொல்லப் போனேன். மூச்சு வாங்குது, வந்து பேசிக்கலாம்னாரு."

அர்ச்சுனன் துண்டைத் தோளில் போட்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டி, கொங்சிப் பக்கச் சரிவில் இறங்கிப் போனது.

மோகனா பானையைக் குழாயடியில் வைத்துத் திறந்தாள். தண்ணீர் தடதடவென்று விழுந்தது. கருகிய சோறு மேலே மிதந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மெலிந்தது. நூலாகியது.

அவள் குழாயை மூடினாள். பானையின் அடியை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள்.