தசைத் துண்டுக்கு வேலை, மீதிக்கு ஏசி

சான்றிதழில் இரண்டே வரிகள்தான் இருந்தன.

"மாதிரி எண் 417, தொடைத் தசை, மூன்று மில்லிகிராம்: பணிக்குத் தகுதியானது."

"417-இன் மீதி, அறுபத்தெட்டுக் கிலோ: மறு உத்தரவு வரும்வரை குளிரில் வைக்கவும்."

மீதி என்பது கிரேன் அக்கா.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. சான்றிதழ் தந்த ஆய்வகத்துக்கு வருவதெல்லாம் தசை, கொழுப்பு, ரத்தம் போன்ற மாதிரிகள்தான். வந்ததில் ஒரு துளி எடுத்துச் சோதிப்பார்கள், மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைப்பார்கள். படிவமும் அப்படித்தான் அச்சாகியிருந்தது: சோதித்தது எவ்வளவு, மீதி எவ்வளவு. ஆய்வகக்காரர் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாத மனிதர். துண்டு எடுத்த பிறகு எவ்வளவு மிச்சம் என்று யோசித்தார், அக்காவை எடை மேடையில் ஏற்றி நிறுத்தினார், எழுதிவிட்டார்.

அக்காவுக்கு வயது அறுபத்தொன்று, சர்க்கரைக்கு வயது பதினொன்று. இரும்புத் தகடுச் சுருள்கள் அடுக்கும் கிடங்கில் கூரையோடு ஓடும் கிரேனை அவர்தான் ஓட்டுகிறார். கேபினுக்குப் போக நாற்பத்திரண்டு படி வைத்த செங்குத்து ஏணி. மேலே போய் உட்கார்ந்துவிட்டால் அக்காவுக்கு ஈடு கிடையாது. எட்டு டன் சுருள் கம்பியில் தொங்கும்போது ஊஞ்சல் மாதிரி ஆடும். கிரேனை நிறுத்தினால் இன்னும் ஆடும். சுருள் முன்னே போய்த் திரும்பப் பார்க்கும் அந்தக் கணத்தில் கிரேனையும் அதே பக்கம் ஒரு அடி நகர்த்தி, அதன் தலைக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அப்போது ஆட்டம் அப்படியே அடங்கும். இதை அக்கா யோசித்துச் செய்வதில்லை, கை செய்யும்.

போன மாதம் ஒரு காலை அவர் ஏணியின் நடுவில் பதினோரு நிமிடம் நின்றுவிட்டார். வலி இல்லை, மயக்கம் இல்லை. கால் இருந்தது, ஆனால் வர மறுத்தது.

"அக்கா, மேல போறீங்களா, இல்ல அங்கேயே குடித்தனம் வைக்கப் போறீங்களா?" என்று கீழே இருந்து மேற்பார்வையாளர் கேட்டார்.

"வாடகை கம்மியா இருந்தா யோசிக்கலாம் தம்பி" என்றார் அக்கா. பெல்ட் கொக்கியைக் கம்பியில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார். மறுநாளே நிர்வாகத்திடமிருந்து தகுதிச் சான்றிதழ் கேட்டுக் கடிதம் வந்தது. மருத்துவமனையில், வயதான பெண்களின் தசையில் சர்க்கரை நோய் என்ன செய்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே தொடையை மரக்க வைத்து, ஊசியால் அரிசிக் குருணை அளவு தசை எடுத்தார்கள்.

கால் ஏன் வரவில்லை என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். தசையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்னச் சின்ன மின்நிலையங்கள் கூட்டமாக இருக்கின்றன. சர்க்கரையையும் கொழுப்பையும் ஆக்சிஜன் வைத்து எரித்து, தசை சுருங்குவதற்கான சக்தியைத் தருவது அவைதான். ஆனால் ரத்தத்தில் ஓடும் சர்க்கரை செல்லுக்குள் போகக் கதவு வேண்டும். அந்தக் கதவுகளைச் செல் உள்ளேயே மடித்து வைத்திருக்கும். இன்சுலின் வந்து தட்டினால் எடுத்துச் சுவரில் பொருத்தும். சர்க்கரை நோயில் இன்சுலின் தட்டுகிறது, செல்லுக்கு அரைக் காது. வெளியே சர்க்கரை தேங்குகிறது. உள்ளே கொழுப்பு வந்து குவிந்து, பாதி எரிந்ததும் எரியாததுமாகக் கரி பிடிக்கிறது. போதாததற்கு, மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடும். அதுநாள்வரை அந்த மின்நிலையங்களைப் பழுது பார்ப்பதில் அதற்கும் ஒரு பங்கு இருந்தது. ஆக, ரத்தத்தில் விருந்து, தசையில் பட்டினி.

ஆய்வகத்தில் துண்டுக்கு அந்தப் பட்டினி இல்லை. அதன் இழைகளைப் பிரித்து, செல் சுவரில் பொடிப்பொடி ஓட்டை போடும் மருந்தில் நனைத்து, ஒரு கண்ணாடிச் சிமிழில் இட்டு, எரிபொருளைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். சிமிழில் ஆக்சிஜன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைத் திரையில் ஒரு கோடு காட்டும். கோடு இறங்கியது. இளம் வயதுத் தசை அளவுக்கு இல்லை, ஆனால் வேலைக்கு ஆகும்.

"பாருங்கக்கா, எவ்வளவு அழகா மூச்சு விடுது!" என்று ஆய்வகக்காரர் குதூகலித்தார்.

"எனக்குள்ள இருக்கறப்ப மட்டும் அதுக்கு என்ன கொழுப்பு?"

"அங்க கதவு வேணும். இங்க சுவத்துலயே ஓட்டை போட்டுட்டோம்ல."

"அப்ப எனக்கும் அந்த மருந்தைக் குடுத்துடேன்."

"குடுத்தா துண்டு மாதிரி ஆயிடுவீங்க. சான்றிதழ் கிடைக்கும், நீங்க இருக்க மாட்டீங்க."

அன்று பிற்பகலே துண்டு வேலையை நிறுத்திவிட்டது. உடம்பைவிட்டு வந்த தசைக்கு அவ்வளவுதான் ஆயுள். ஆனால் அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. ஆகவே உறைய வைத்த துண்டு ஒரு சின்னக் குளிர்பெட்டியில், தகுதியோடு, கிடங்குக்கு வந்து சேர்ந்தது.

மேற்பார்வையாளர் சான்றிதழை இரண்டு முறை படித்தார்.

"கிரேனை இனிமே இது ஓட்டும்" என்று பெட்டியைக் காட்டினார்.

"தம்பி, அதுக்குக் கையே கிடையாது."

"தகுதி இருக்கேக்கா. கை இருந்து என்ன, உங்களுக்குத் தகுதி இல்லையே. நீங்க குளிர்ல இருக்கணும்னு போட்டிருக்கு."

அக்காவைக் கணினிகள் இருக்கும் ஏசி அறையில் உட்கார வைத்தார்கள். ஆய்வகம் கேட்டது மைனஸ் எண்பது டிகிரி. ஏசி பதினாறுக்குக் கீழே இறங்கவில்லை. மேற்பார்வையாளர் தினமும் வந்து ரிமோட்டை அமுக்கிப் பார்த்து, "மன்னிச்சுக்கங்கக்கா, இதுக்கு மேல முடியல" என்று வருத்தப்பட்டார். மனிதர் நல்லவர்தான்.

நான்காம் நாள் சிக்கல் வந்தது. ஆப்பரேட்டர் கேபினில் இருக்க வேண்டும். துண்டு தானாக ஏறாது. ஆப்பரேட்டரின் தகுதிச் சான்றிதழில் உள்ள எண்ணுக்கு உரியவரைத் தவிர யாரும் அந்த ஏணியில் கால் வைக்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. 417 என்ற அந்த எண் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் இருந்தது.

"மீதி ஏணி ஏறக் கூடாது" என்று மேற்பார்வையாளர் சத்தமாக யோசித்தார். "ஆனா துண்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கறது ஏறறது ஆகாது. தூக்கிட்டுப் போறதுதானே?"

"நாற்பத்திரண்டு படியும் எதுல நடந்து போவேன், காத்துலயா?"

"நீங்க போங்க. ஏறினது துண்டுன்னு எழுதிக்கறேன். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்க்கா. ஆறு வாரத்துல அது கேபினுக்குப் போகலைன்னா கேபினைக் கழட்டிட்டு, கீழ இருந்தே ரிமோட்ல ஓட்ற மாதிரி மாத்தப் போறாங்க. ஆள் சொல்லியாச்சு."

அக்கா அன்று முதுகில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பத்தொன்பது படி ஏறி, இறங்கினார். பதிவேட்டில் "துண்டு: 19" என்று விழுந்தது.

மாலை ஆய்வகக்காரருக்குப் போன் செய்தார். "தம்பி, எனக்கு அந்தக் கதவைத் திறக்க வேற வழியே கிடையாதா?"

"பக்கத்துக் கதவு ஒண்ணு இருக்குக்கா. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் தட்டாமலே கொஞ்சம் கதவு சுவத்துக்கு வரும். வேலை வாங்க வாங்க மின்நிலையமும் கூடும். எங்க ஆராய்ச்சில எழுபது வயசு அம்மாவுக்குக்கூடக் கூடியிருக்கு. ஏசி ரூம்ல உட்கார்ந்தாத்தான் கூடாது. டாக்டரைக் கேட்டு மாத்திரையைச் சரி பண்ணிக்கிட்டு ஆரம்பிங்க."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"படிவத்துல கேக்கலையேக்கா."

அக்காவும் அவர் தங்கையும் ஒரு குடியிருப்பின் நான்காம் மாடியில் சேர்ந்து வசித்தார்கள். ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் கால்மணி நேரம் நடை, காலையும் மாலையும் மாடிப்படி. முதல் வாரம் ஒரு மாடிக்கு ஒரு தடவை உட்கார்ந்தார். தங்கை மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, ரெண்டாவது மாடிக்காரங்க உன்னையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளிடப் போறாங்க."

"வாயை மூடிக்கிட்டு அந்தத் தண்ணிப் பாட்டிலைக் கொண்டா."

"எழுந்து வந்து வாங்கிக்க. உன் கதவு திறக்கட்டும்."

அதன்பிறகு தங்கையும் சேர்ந்து ஏறினாள். வயது ஐம்பத்தெட்டு, அவளுக்கும் சர்க்கரை, ஆனால் மாதிரி எண் இல்லாததால் யாரும் அவளைக் குளிரில் வைக்கச் சொல்லவில்லை.

இரண்டாம் வாரம் "துண்டு: 22". மூன்றாம் வாரம் 26. நான்காம் வாரம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து "துண்டு: 14, உற்சாகம் குறைவு" என்று எழுதப்பட்டது. ஐந்தாம் வாரம் 35. மேற்பார்வையாளர் பெட்டியை வாங்கித் துடைத்து, "பிரமாதம்! சின்னதா இருந்தாலும் என்ன பிடிவாதம் பாருங்கக்கா. நீங்களும் இதைப் பார்த்துக் கத்துக்கணும்" என்றார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பெல்ட்டைக் கழற்றினார்.

ஆறாம் வாரக் கடைசி நாள் ரிமோட் பொருத்துகிறவர்கள் பெரிய பெட்டிகளோடு வந்து ஏணியடியில் நின்றார்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. ஏழு படிக்கு ஒருமுறை நின்று, கொக்கியை மாட்டி, தொடையைத் தளர்த்தி, மூச்சு விட்டு ஏறினார். முப்பத்தைந்தில் கால் கனத்தது. அவசரப்படாமல் அறுபது எண்ணினார். ஓய்வில் தசை தன் சக்தியை மறுபடி நிரப்பிக்கொள்ளும். சர்க்கரைக்காரர்களுக்குக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். அறுபது போதவில்லை. இன்னொரு அறுபது எண்ணினார். பிறகு கால் வந்தது.

கேபின் கதவு திறந்து மூடும் சத்தம் கீழே கேட்டது.

"போயாச்சு! துண்டு போயாச்சு!" என்று மேற்பார்வையாளர் கை தட்டினார். ரிமோட்காரர்களைத் திருப்பி அனுப்பும் தாளில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். கிரேன் நகர்ந்தது. எட்டு டன் சுருள் எழும்பி, முன்னே போய்த் திரும்பப் பார்த்தது. கிரேன் அதன் பக்கம் ஒரு அடி வைத்தது. ஆட்டம் அடங்கிச் சுருள் தாங்கியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

வாக்கிடாக்கியில் மேற்பார்வையாளர் கேட்டார்: "அக்கா, கொண்டு சேர்த்தாச்சுல்ல? நீங்க கீழ வந்துடுங்க. அறை குளிர்ச்சியா இருக்கு, இன்னிக்குப் பதினஞ்சுக்கு இறங்கிடுச்சு."

"எனக்கு வேலை இருக்கு தம்பி. இந்தப் பெட்டி சீட்டுல இடைஞ்சலா இருக்கு, வேணும்னா நீ ஏறி வந்து எடுத்துட்டுப் போ."

"நான் எப்படிக்கா ஏறறது, எனக்கு நம்பர் இல்லையே!"

அக்கா பெட்டியைக் காலடியில் தள்ளிவிட்டு, அடுத்த சுருளுக்குக் கொக்கியை இறக்கினார்.