கைக்கெட்டாக் கடல்

மலைகள் தோள்கோத்து நின்று காப்பதால் எத்துணைப் பெரிய கலமும் அஞ்சாது புகுந்து இளைப்பாறும் ஆழ்துறை ஒன்றை மடியிற் கொண்டு, கோணமலையின் கருங்கற் செங்குத்தைக் கீழ்த்திசைக்கு மதிலாய் நிறுத்தி, பேருந்துகளும் மிதிவண்டிகளும் மீன்கூடைகளும் நெருங்கும் தெருக்களோடு கடலை நோக்கி நிமிர்ந்திருக்கும் திருகோணமலை நகரை, நற்றமிழ் நயப்பீர், ஒரு மார்கழி முற்பகலில் மனக்கண்ணால் நோக்குவீராக. வானம் உருக்கிய ஈயம் போற் கனத்துக் கிடந்தது. வாடைக்காற்றோ, கட்டறுத்த களிற்றினம் போலக் கொட்டியாரக் குடாவின் வாயிற் புகுந்து, அலைகளைத் தூக்கித் தூக்கி எறிந்துகொண்டிருந்தது.

அத்துறையில் இழுவைக் கப்பல் ஒன்றின் தலைவராய் இருந்தவர் யோகராசா. குன்றனைய கப்பல்களைக் கயிற்றாற் பிணித்து, கன்றை நடத்துவது போல நடத்திவந்து கரைசேர்க்கும் அவர், ஐம்பது அகவை கடந்தும் தேக்குமரம் போல நிமிர்ந்து நடப்பவர். ஞாயிறுதோறும் தேவாலயத்தின் முன்வரிசையில் நின்று உரத்த குரலிற் பாடுபவர். ஆண்டவருக்கு நன்றி கூறுவாரேயன்றி, அவரிடம் எதையும் கேட்டதில்லை. வலிய கைகளைத் தந்தவரிடம் மேலும் கேட்பது தகாது என்பது அவர் எண்ணம். அதனை ஊரார் செருக்கென்று சொன்னதில்லை. அவருடைய கைத்திறம் அத்தகையது.

அன்று, சல்லிக் கரையிலிருந்து விடியலிற் புறப்பட்ட மீன்படகுகள் இரண்டு காற்றில் அகப்பட்டன என்ற செய்தி வந்தது. அவற்றுள் ஒன்றில், பழுதுபட்ட பொறியைச் செப்பனிட்டு ஓட்டிப் பார்ப்பதற்கென ஏறியிருந்தான் யோகராசாவின் ஒரே தம்பி வினோஜன். அவர் கப்பலின் கயிறவிழ்க்கும் வேளையில், மனைவி ஜெயரூபி நனைந்தபடி இறங்குதுறைக்கு ஓடிவந்தாள்.

"இந்தக் காத்துக்கையும் போகத்தான் வேணுமோ?"

"என்ர தம்பியெல்லோ அங்க நிக்கிறான். எல்லாரையும் கொண்டு வருவன். நீர் வீட்ட போய் அவனுக்கும் சேத்துச் சோறாக்கும்."

சொன்னவாறே முதற்படகை அவர் கண்டடைந்தார். அது கவிழ்ந்து மிதக்க, அறுவர் அதனைப் பற்றித் தொங்கினர். காற்று வரும் பக்கத்திற் கப்பலைக் குறுக்கே நிறுத்தி அலைக்கு மதிலாக்கி, மறுபுறத்து அமைதி நீரில் அறுவரையும் ஒருவர் பின் ஒருவராய்த் தூக்கியெடுத்த திறம் கடலோடிகள் கைகூப்பத் தக்கது. எனினும் அவர்களுள் முதியவரான தவராசா, கடல்நீர் குடித்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

நால்வர் இருந்த மற்றைப் படகோ பொறி அடங்கி, தெற்கே அடித்துச் செல்லப்பட்டு, குடாவின் தென்முனையில் வெளிச்சவீட்டின் கீழுள்ள பாறைகளை நெருங்கியிருந்தது. சட்டையைக் கழற்றி வீசிக்காட்டும் வினோஜனை யோகராசா கண்ணாற் கண்டார். இருவர்க்கும் நடுவே, நுரைகக்கும் கற்பாறைத் திட்டு ஒன்று நீருக்குள் நீண்டு கிடந்தது. கயிற்றை மிதவையிற் கட்டி அலைவழி விட்டார்; அது பாறையிற் சிக்கி அறுந்தது. மீண்டும் விட்டார், மீண்டும் அறுந்தது. அவர் கப்பலின் முகத்தைத் திட்டை நோக்கித் திருப்பினார். துணைமாலுமி தங்கரத்தினம் அவர் தோளைப் பற்றினான்.

"அண்ணை, இதுக்கங்கால கல்லு. எங்கட கப்பலுக்குத் தண்ணி காணாது."

"ஒரு பெரிய அலையோட உள்ள போயிடலாம்."

"போயிட்டு எப்பிடி வெளிய வாறது? கீழ ஆறு பேர் கிடக்கினம். தவராசா ஐயாவுக்கு மூச்சு இழுக்குது. நீங்களே சொல்லுங்கோ, ஏலுமோ?"

குன்றனைய கலங்களை அடக்கிய யோகராசாவின் கைகள் பொறியின் விசையைக் குறைத்தன. பின்பு, "ஏலாது" என்றார். குடாவின் தென்கரையிலுள்ள மூதூர் மீனவர்க்கு வானொலி வழியே இடத்தைக் கூறி, நிலத்தின் வழியாகவேனும் ஆட்களை விடுமாறு வேண்டினார். அதன்பின் கண்களை மூடி, வாழ்நாளில் முதன்முறையாகக் கேட்டார்: "ஆண்டவரே, என்ர கை இவ்வளவுதான். மிச்சம் உம்மட கையில."

கப்பல் திரும்பியது. பின்னால், சட்டையை வீசிய கை பாதியில் நின்றதையும் அவர் பார்த்தார்.

இறங்குதுறையில் அறுவரும் இறங்கினர்; தவராசாவை மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசென்றனர். ஜெயரூபி கப்பலின் உட்புறத்தை எட்டிப் பார்த்து, "தம்பி எங்க?" என்றாள்.

"விட்டிட்டு வந்தனான்" என்றார் யோகராசா. சாக்குச் சொல்லவில்லை; முகத்தை மறைக்கவுமில்லை. மழையில் வெறுந்தலையோடு தெற்கு நோக்கி நின்ற அவரருகே, அவளும் கைகோத்து நின்றாள்.

பொழுது சாயும் வேளையிற் கைப்பேசி ஒலித்தது.

"யோகராசா அண்ணனோ? மூதூர் ஸப்வான் கதைக்கிறன். நாலு பேரையும் கரைக்கு எடுத்திட்டம். உங்கட தம்பிட கால் முறிஞ்சிட்டு, ஆனா உசிருக்கு ஒண்டுமில்ல, அல்ஹம்துலில்லாஹ்."

ஸப்வானும் அவன் தோழர்களும் இடுப்பிற் கயிறு பிணைத்து, ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சங்கிலியாய்ப் பாறைகளுக்குள் இறங்கி, உடைந்த படகிலிருந்து நால்வரையும் மீட்டிருந்தனர். கடல் அடைத்த வழியை நிலம் திறந்திருந்தது.

மறுநாள் மருத்துவமனைக் கட்டிலில், கட்டுப்போட்ட காலோடு கிடந்த வினோஜன் தமையனை நோக்கினான்.

"நீங்க திரும்பேக்க உங்களை நல்லாத் திட்டினனான், அண்ணை."

"நானும் என்னைத் திட்டினனான்."

"பிறகு மற்றப் படகு ஆறு பேரும் உங்கட கப்பல்ல இருப்பினமெண்டு நினைச்சன். சொந்தத் தம்பியை விட்டிட்டு ஊராற்ற பிள்ளையளைக் கொண்டு போறவர் என்ர அண்ணன் எண்டு பக்கத்தில கிடந்தவங்களுக்குச் சொன்னனான். அந்தப் பெருமையிலதான் பலகையை விடாமப் பிடிச்சனான்."

யோகராசா தம்பியின் நெற்றியிற் கைவைத்தார். தாம் கரைசேர்க்காத அவ்வுடலின் வெம்மையை உணர்ந்து, அடக்கமாட்டாது அழுதார். அழுகையிலும் அவர் தோள்கள் தாழவில்லை. தம் ஆற்றல் முடியும் எல்லைவரை அஞ்சாது சென்று, அவ்வெல்லையில் நின்று இறைவனை அழைத்தவர் அவர். படைத்தவன் முன் தன் அளவை ஒப்புக்கொள்ளும் மாந்தன் சிறுமை எய்துவதில்லை. அவன் விட்ட இடத்திலிருந்து முன்பின் அறியாத கைகள் நீள்கின்றன, அவற்றை நீட்டுவிப்பவன் துயில்வதுமில்லை.