ஆறு மணிச் சங்கு

...ஆறுதான், மில்லில் ஆறு மணிச் சங்கு ஊதியது, காதால் கேட்டாளே, அதில் என்ன சந்தேகம், பிறகு ஏன் டாக்டர் திரும்பத் திரும்ப, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா, தொடையில கட்டு எப்போ போட்டீங்க?" என்று கேட்கிறார், யுவராணி என்ன பொய்யா சொல்லப்போகிறாள், கட்டியது அவள் கை, ஓடியது அவள் புருஷன் சோணைமுத்துவின் ரத்தம். ஆட்டுக் கொட்டகைக்குத் தகரம் மாட்ட விடிகாலையிலேயே ஏறிய மனுஷர், சறுக்கி விழுந்து, கூடவே சரிந்த தகரத்தின் விளிம்பு தொடையை ஆழமாகக் கிழித்து... இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கிடந்தார். அவள் பேண்டேஜ் கம்பெனியில் பேல் கட்டுகிறவள், துணிக் கட்டை முழங்காலால் அமுக்கி அவள் போடும் முடிச்சு நழுவவே நழுவாது, அதே முடிச்சைத்தான் தொடையில் போட்டாள், அகப்பைக் காம்பைச் செருகி முறுக்கினாள், ரத்தம் நின்றது. "இந்தக் கட்டு இல்லேன்னா ஆள் வந்து சேர்ந்திருக்க மாட்டார்" என்று டாக்டரே சொன்னார். நர்ஸ் ஹெப்சிபா சோணைமுத்துவின் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டி, கட்டுப் போட்ட நேரம் என்று பேனாவால் 6 எழுதினாள், திருநீறு பூசுகிற இடத்தில் ஒரு ஆறு, பார்க்கவே என்னமோ போலிருந்தது...

கட்டினால் ரத்தம் நிற்கும், ஆனால் கீழே காலுக்கும் போகாதாமே, நேரம் ஏற ஏறக் கால் செத்துக்கொண்டே வருமாமே, இது அவளுக்கு எப்படித் தெரியும்? கட்டிக் கொஞ்ச நேரந்தான் என்றால் மதுரைக்கு அனுப்பலாம், அங்கே அறுந்த ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைப்பார்கள், கால் பிழைக்கும், ஆறு மணிக்கே கட்டியது என்றால் போய்ச் சேர்வதற்குள் காரியம் மிஞ்சிவிடும், இங்கேயே தியேட்டருக்குள் கொண்டுபோய்க் கால் போனாலும் உயிரைப் பிடித்து வைக்க வேண்டும்... அவர் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர், காலை எடுத்துவிட்டால் எதை ஊன்றி எதைத் தூக்குவார், டாக்டர் போனில் யாரிடமோ தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்கிறார், பக்கத்தில் நாத்தனார் மாரீஸ்வரியும் போனில்தான், "ஏட்டி, எங்க மதினி மட்டும் இல்லேன்னா எங்கண்ணன் போய்ச் சேந்திருப்பான். சங்கு ஊதுதாம், இவ வெளிய வாராளாம், ஓடிப்போய்க் கட்டிப்புட்டா பாரு! தெய்வம்ட்டி எங்க மதினி... மதுரைக்கா? எங்குட்டுக் கூடிப் போக? ஸ்ரீவில்லிபுத்தூர்ல இன்னிக்கு ஆண்டாள் தேரு, ரோடு பூராம் ஆளு. மில்லுக்கே லீவு விட்டுட்டான்னா பாத்துக்கோயேன்."

மில்லுக்கு லீவு... லீவுதான், அவளுக்கும் லீவுதான், அதனால்தானே எழுந்திருக்கவில்லை, அப்படியானால் சங்கை யார் ஊதியது? நீளமாகக் கேட்டதே, ஊவென்று இழுத்து, நடுவில் கம்மி, மறுபடி எழும்பி... சங்கு எங்கேயாவது கம்முமா? தினமும் அதே நேரத்துக்குக் கேட்டுக் கேட்டு, காதே தானாக அதைச் சங்காக்கிக்கொண்டதா, "ஊதுனா ஊதட்டும், இன்னிக்குத்தான் லீவாச்சே" என்று போர்வையை இழுத்துவிட்டுப் புரண்டு படுத்தாளே, புரண்டு படுத்து... ஐயோ, தூங்கினாளே. கண்ணில் வெயில் விழுந்த பிறகல்லவா எழுந்தாள், வாய் கொப்பளிக்கச் செம்போடு வெளியே வந்தாள், அப்புறந்தானே பார்த்தாள். ஆனால் டாக்டர் கேட்டதும் வாயில் சங்குதான் வந்தது, அதற்குப் பின்னால் ஒரு தூக்கம் இருந்தது நினைவிலேயே இல்லை, நிஜமாகவே இல்லையா, நினைவிருந்தும் மறைத்தாளா? சொல்லாவிட்டால் கால், சொன்னால் இந்த மாரீஸ்வரி... கண் திறந்ததும் அவரிடமும் சொல்ல வேண்டும், நீங்க கத்தினதைச் சங்குன்னு நெனச்சுப் படுத்துக்கிடந்தேன் என்று எந்த வாயால் சொல்ல? ஸ்ட்ரெச்சர் நகரும் சத்தம், சக்கரம் தியேட்டர் பக்கமாகத் திரும்புகிறது, அவள் கால்கள் அவளைக் கேட்காமலேயே எழுந்துவிட்டன.

"சிஸ்டர்... ஆறு இல்ல."

"பொறவு எப்போக்கா?"

"சத்தம் கேட்டுச்சு. நான் தூங்கிட்டேன். எந்திரிச்சு வந்துதான் கட்டுனேன்."

மாரீஸ்வரி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். அதிலிருந்து ஏட்டி, ஏட்டி என்று யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஹெப்சிபா முகமோ மலர்ந்துவிட்டது, "நல்லதாப் போச்சு, அப்ப நேரம் இருக்குக்கா! டாக்டர், செத்த நில்லுங்க!" என்று ஓடியவள், பாதியில் திரும்பி, "எம்புட்டு நேரம் தூங்குனீங்க? கொஞ்சமா, ரொம்பவா?"

கொஞ்சமா, ரொம்பவா... தூக்கத்துக்கு எது மணி? கொஞ்சம் என்றால் கால் போய்விடும், ரொம்பத் தூங்கியிருக்க வேண்டும், ஆண்டாளே, நான் ரொம்ப நேரம் தூங்கியிருக்க வேண்டும் என்று அவள் மனசார வேண்டினாள், வேண்டிக்கொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது, அத்தனை நேரமும் அவர் தகரத்துக்கு அடியில் தனியாகக் கிடந்திருக்க வேண்டும் என்றும் சேர்த்தே வேண்டுகிறோம் என்று.