தேக்கு என்று சொன்ன நாற்காலி

டெரிக் பொய் பேசிப் பழகியவன் இல்லை. அன்றைக்குப் பொய் சொல்லவேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை. அதுதான் கொடுமை.

பெங்களூர் விவேக் நகரில் அவன் தெருவில், அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செய்யும் அன்பியச் செபம் வாரம் ஒரு வீடாகச் சுற்றி வரும். தன் முறை வந்தபோது, ஆட்கள் உட்கார ஒரு பெஞ்சு இருக்கட்டும் என்று தானே செய்ய இறங்கினான். வேலை பார்க்கும் கிடங்கில் மெஷின் வந்திறங்கும் பெட்டிகளின் பைன் பலகையைக் கேட்டு வாங்கி வந்தான். லேசில் மசிகிற மரமா அது? நகம் பட்டால் பள்ளம் விழும், ஆனால் கணு வந்த இடத்தில் இழைப்புளியே பல்லிளிக்கும். ஓரத்தில் ஆணி வைத்தால் பிளக்கும். வெயில் பட்டால் பிசின் வடியும். நான்கு ஞாயிறு மல்லுக்கட்டி, ஆணிக்கு முன்னால் துளை போட்டு, கால்களைத் தடியாக வைத்து ஒருவழியாக நிற்க வைத்தான். தேக்கு நிறத்தில் பாலிஷும் அடித்தான்.

செபம் முடிந்து டீ குடிக்கும்போது எதிர்வீட்டு உதயா பெஞ்சைத் தடவிப் பார்த்தாள். "சூப்பரா இருக்கே. என்ன மரம் டெரிக்?"

பெட்டி மரம் என்று சொல்லியிருந்தால் கைவேலையை இன்னும் இரண்டு மடங்கு மெச்சியிருப்பார்கள். நாக்கில் சனி உட்கார்ந்துகொண்டது.

"தேக்கு அக்கா."

மனைவி மௌரீன் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் உதயா வீட்டு முறை. பெஞ்சும் அங்கே போனது. உதயாவின் கணவர் தாஸ் கோலார் தங்கவயல்காரர். சுரங்கம் மூடியதும் பெங்களூர் வந்து செக்யூரிட்டி வேலை பார்த்தவர். இடுப்பு ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம். எதிலாவது இரண்டு கையையும் ஊன்றினால்தான் எழுந்திருக்க முடியும்.

"கைப்பிடி வச்சு, கொஞ்சம் உயரமா எனக்கு ஒரு சேர் செஞ்சு குடேன்" என்று டெரிக்கிடம் கேட்டார்.

"இப்பவாவது போய் உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள் மௌரீன் வீட்டுக்கு வந்ததும்.

"சொல்றேன்" என்றான். சொல்லவில்லை.

கிடங்குச் சம்பளத்தில் தேக்கு வாங்குகிற வசதி ஏது? திரும்பவும் பெட்டிப் பலகைதான். பைன் என்றால் கைப்பிடி தடியாக இருக்கவேண்டும் என்பது பெஞ்சு செய்த கைக்குத் தெரியும். ஆனால் தேக்கில் அவ்வளவு தடியாக யார் செய்வார்கள்? பார்த்ததும் சந்தேகம் வந்துவிடுமே. அதனால் ஒல்லியாக, லட்சணமாக இழைத்தான். தன் மானத்துக்காக ஒரு நோயாளியின் இடுப்பைப் பணயம் வைக்கிறோம் என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்தேதான் இழைத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் நாற்காலியைக் கொண்டுபோய் வைத்தான். தாஸ் உட்கார்ந்தார், சாய்ந்து பார்த்தார், தலையாட்டினார். பிறகு கைப்பிடிகளில் கை ஊன்றி எழுந்தார்.

வலதுபக்கம் படக்கென்றது. கணு இருந்த இடத்தில் கைப்பிடி இரண்டாகப் போனது. டெரிக் பாய்ந்து அவரை மார்போடு தாங்கிக்கொண்டான். உதயா ஓடி வந்து மறுபக்கம் பிடித்தாள். கட்டிலில் உட்கார வைத்தார்கள். நல்லவேளை, அடி படவில்லை. ஒடிந்த இடத்தில் மரம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அண்ணா, அது தேக்கு இல்ல" என்றான் டெரிக். "பெட்டி மரம். பெஞ்சும் அதுதான்."

"தெரியும்" என்றார் தாஸ். மூச்சு வாங்கியது அவருக்கு. "மைன்ஸ்ல பதினாறு வருஷம் கூரைக்கு முட்டு மரம் போட்டவன் நான். அந்த பெஞ்சை ஒத்தக் கையால இழுத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ ஏதோ கூச்சத்துல சொல்லிட்டேன்னு விட்டுட்டேன்."

"தெரிஞ்சுமா என்கிட்ட சேர் கேட்டீங்க?"

"பெஞ்சு கெட்டியா இருந்துச்சே. ஊருக்கு என்ன சொன்னா என்ன, என்ன மரம்னு உனக்குத் தெரியுமில்ல? எனக்குன்னு செய்யறப்ப அதுக்குத் தகுந்த மாதிரி நீ தடியா போடுவேன்னு நம்பினேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம். டெரிக்கின் கை இன்னும் அவர் தோளில்தான் இருந்தது. அதை எடுக்கவும் கூசியது, வைத்திருக்கவும் கூசியது.