சித்தி வீட்டுப் புழு

மாடம்மாளுக்குப் பொறாமை என்று யாராவது சொல்லிவிட்டால் அவ்வளவுதான், சண்டைக்கு வந்துவிடுவாள். ஆனால் பெற்ற மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடுகிறாள், அதைப் பார்த்து அம்மாவின் வயிறு பற்றி எரிகிறது. இதற்கு வேறு என்ன பேர் வைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

பக்கத்து வீடு ஒன்றும் அந்நியர் வீடு இல்லை. புருஷன் சொரிமுத்துவின் தம்பி சுடலைக்கண்ணு வீடு. திருவனந்தபுரம் சாலைக்கடைத் தெருவுக்குப் பின்னால் ஒட்டி ஒட்டிக் கட்டின வரிசை வீடுகளில் அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து இருந்தார்கள். பின்பக்கம் இடுப்பளவு சுவர் ஒன்றுதான் நடுவில். தம்பி பெண்டாட்டி அஜிதா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், மலையாளத்தில் வெளுத்து வாங்குவாள். மாடம்மாளோ கல்யாணமாகி அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தவள். மீன்காரியிடம் பேரம் பேச வேண்டிய அளவுக்கு மலையாளம் வரும், அதற்கு மேல் ஓடாது. மகள் ஸ்நேகா படிப்பதெல்லாம் மலையாளத்தில். முதலில் வீட்டுப்பாடம் கேட்கத்தான் சித்தியிடம் போனாள். படிப்புதானே, போகட்டும் என்று மாடம்மாள் பொறுத்துக்கொண்டாள். அப்புறம்தான் அந்தப் புழு வந்து சேர்ந்தது.

மீல்வார்ம் என்று பேர். பறவையும் வளர்ப்பு மீனும் விற்கிற யூசுப் தன் கடைக்குத் தீனியாக வாங்கிக்கொள்கிறார் என்று அஜிதா பிளாஸ்டிக் தொட்டிகளில் வளர்க்க ஆரம்பித்தாள். கோதுமைத் தவிட்டைக் கொட்டி, புழுவை விட்டு, ஈரத்துக்கு நாலு கேரட் துண்டு போட்டால் போதும். சத்தமும் இல்லை, நாற்றமும் இல்லை. மஞ்சள் புழு தின்று கொழுத்து, வெள்ளையாகச் சுருண்டு கூட்டுப்புழுவாகி, பிறகு கறுப்பு வண்டாகும். வண்டு கூட்டுப்புழுவைக் கடித்துவிடும், அதனால் கூட்டுப்புழுவைப் பொறுக்கித் தனியாகப் போட வேண்டும். அந்தப் பொறுக்குகிற வேலையில்தான் ஸ்நேகாவுக்கு உயிர். சித்தியும் மகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு மலையாளத்தில் என்னவோ பேசுவதும் சிரிப்பதும் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். துணி உலர்த்துகிற சாக்கில் மாடம்மாள் அங்கே நின்று அந்தத் தொட்டிகளையே முறைத்துப் பார்ப்பாள்.

“புழுவைப் போட்டு என் பிள்ளையை வளைச்சிட்டா” என்று சொரிமுத்துவிடம் பொருமினாள்.

“புழுதானே, நீயும் வளத்துட்டுப் போ” என்றார் அவர். மனுஷன் விளையாட்டுக்குத்தான் சொன்னார். மறுநாளே மாடம்மாள் அவரிடம் தவிடு வாங்கி வரச் சொல்லி, யூசுப் கடைக்குத் தானே போய்ப் புழுவும் வாங்கி வந்துவிட்டாள்.

ஸ்நேகாவால் நம்ப முடியவில்லை. புழுவைக் கண்டால் காலைத் தூக்கிக்கொண்டு கத்துகிற அம்மா, தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். “இது எப்பம்மா கூடு ஆகும்?” என்று கேட்டுக் கேட்டுச் சுற்றி வந்தாள். சித்தி வீட்டுப் பக்கமே போகவில்லை. மாடம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வேண்டுமென்றே பின்பக்கம் போய் உட்கார்ந்து, அஜிதா காதில் விழட்டும் என்று மகளோடு சத்தமாகப் பேசினாள்.

அஜிதா ஒருநாள் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தாள். “அக்கா, கொள்ளாமே, பிரமாதம்! என் புழுவைவிட நல்லா தடிச்சு இருக்கே” என்று தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் மாடம்மாள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வாய்விட்டுச் சொல்லிவிட்டாளே, கண் பட்டால் என்னாவது? ஸ்நேகா கைக்குழந்தையாக இருந்தபோது கையில் வசம்பு கட்டித்தானே கண்ணேறு அண்டாமல் காப்பாற்றினாள்? உள்ளே போய் வசம்பை எடுத்தாள், இடித்தாள், தொட்டி முழுக்கத் தூவினாள்.

“எதுக்கும்மா?” என்றாள் ஸ்நேகா.

“சித்தி கண்ணு படாம இருக்க.”

புழுக்கள் தவிட்டை விட்டு மேலே வந்து கிடந்தன. சுருங்கின. கறுத்தன. ஒரு வாரம்கூட ஆகவில்லை, தொட்டியோடு போய்விட்டது. ஸ்நேகா சோறு இறங்காமல் அழுதாள். “வசம்பு போட்டோமே, பின்னே ஏம்மா?” என்று கேட்டாள்.

“கண்ணு பட்ட பிறகு போட்டா என்னட்டி செய்யும்? அவ வர்றதுக்கு முந்தியே போட்டிருக்கணும்.”

அந்தப் பொய்யை மாடம்மாள் அப்போது மெய்யாகத்தான் நம்பினாள். மறுநாள் உலை வைக்க அரிசி டின்னில் கையை விட்டபோது ஒரு வசம்புத் துண்டு கையில் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள். இதை எதற்கு அரிசியில் போட்டு வைத்தோம்? வண்டு புழு வைக்காமல் இருக்கத்தானே? அடப் பாவி மனுஷி, நீயே உன் கையால் கொன்றுவிட்டாயே!

மகளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் ஸ்நேகா சித்தியோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தாள். சாயங்காலம் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பயறு உரித்தாள், தலை பின்னச் சொன்னாள். அஜிதா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று “மோளே” என்று கூப்பிட்டால் குனிந்துகொண்டாள். அஜிதாவின் முகம் வாடுவதை மாடம்மாள் பார்த்தாள். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

பிள்ளை மனசு எத்தனை நாள்தான் கோபத்தை வைத்துக்கொண்டிருக்கும்? ஒருநாள் அம்மா கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஸ்நேகா சித்தி வீட்டுக்குப் போய் வந்துவிட்டாள். மாடம்மாளுக்கு முகம் கடுகடுத்தது, ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கடுத்த நாள் சாயங்காலம் பின்பக்கத்திலிருந்து அஜிதாவின் குரல் வந்தது.

“அக்கா, ஒண்ணு வந்து பாருங்களேன். எல்லாத் தொட்டியிலும் புழு மேலே வந்து கிடக்குது.”

ஸ்நேகாவின் முகம் வெளிறியது. “நான் வசம்பு போட்டேனே” என்று முனகினாள்.

“எங்க போட்டே?”

“சித்தி தொட்டியில. எல்லாத்துலயும்.”

“எதுக்குட்டி?”

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “சித்தி ஒரே தடவை பாத்ததுக்கே நம்ம புழு செத்துப்போச்சு. நீ தினமும் சுவர்கிட்ட நின்னு அவங்க தொட்டியை முறைச்சுப் பாக்கியே. அதான் முந்தியே போட்டேன்.”

மாடம்மாளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மகள் அதற்குள் சுவரேறிக் குதித்து அந்தப் பக்கம் போய்விட்டாள். மாடம்மாள் பின்னாலேயே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஸ்நேகா கொடியில் கிடந்த துண்டை உருவித் தொட்டிமேல் போட்டு மூடினாள்.

“நீ பாக்காதம்மா. இன்னும் உயிர் இருக்கு.”

“கண்ணு இல்லட்டி, வசம்பு. வசம்புதான் கொல்லுது. தவிட்டைச் சலிச்சுக் கொட்டு, வேற தவிடு போடு.”

“பொய் சொல்லாத.”

“சத்தியமாட்டி. நம்ம புழுவும் அதுலதான் செத்துச்சு. எனக்கு மறுநாளே தெரியும்.”

அஜிதா குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். ஸ்நேகாவின் கை துண்டின்மேல் இருந்தபடியே நின்றது.

“தெரிஞ்சும் சித்தி கண்ணுன்னே நினைக்க விட்டியா?”

“ஆமா. நீ அங்க போயிரக் கூடாதுன்னு சொல்லாம விட்டேன். நீ என்கூட இருக்கணும்னுதான் சொல்லல.”

ஸ்நேகா அழவில்லை. துண்டை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து புழுவைப் பொறுக்க ஆரம்பித்தாள். அஜிதாவும் சல்லடையை எடுத்துச் சலித்தாள். தொட்டிகள் நிறைய இருந்தன, புழு சுருங்கிக்கொண்டே இருந்தது, இரண்டு பேர் கை பத்தாது என்பது பார்த்தாலே தெரிந்தது. அஜிதா ஒரு தொட்டியைத் தூக்கிச் சுவர்மேல் வைத்தாள்.

“அக்கா, இதை நீங்க பாருங்க.”

மாடம்மாள் அவசரமாகக் கையை நீட்டினாள். ஸ்நேகா எழுந்து வந்து, அந்தத் தொட்டியைச் சுவரிலிருந்து எடுத்துத் தன் பக்கத்தில் இறக்கி வைத்துக்கொண்டாள்.

“அம்மாகிட்ட வேண்டாம், சித்தி” என்றாள்.